ருபார்ப் தண்டும் ராயபுரத்துத் தூளும்

1

லிவர்பூல் துறைமுகத்தில் நான் வந்து இறங்கி இந்தச் செவ்வாய்க்கிழமையோடு ஐந்து வருஷம் ஆகிறது. என் மகள் ஜெயா தன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ‘வெளிநாட்டு வாழ்க்கை’ பற்றி எழுதி அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டாள். நான் எட்டாவது வரை படித்தவன். ராயபுரத்தில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன், இங்கேயும் அதே வேலைதான். அரண்மனையும் ராணியும் லண்டனில் இருக்கிறார்கள், நான் பார்த்ததில்லை. ஆகவே பிள்ளைகளே, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போன சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் கறி மீன் இல்லாமல் சமைத்துச் சாப்பிட்ட கதை இது.

சாப்பாட்டில் என்ன கதை என்று கேட்பீர்கள். அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் என் குடும்பம் இங்கே வருவதும் வராததும் இருந்தது.

எனக்குப் பிள்ளைகள் மூன்று பேர். ஜெயா, மார்ட்டின், அப்புறம் சின்னவன். நான் கப்பல் ஏறியபோது சின்னவன் ஆறு மாதக் குழந்தை, தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் எல்லோரையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அது ஐந்தாகிவிட்டது. ஜெயா முன்பெல்லாம் ‘நைனா, எனக்கு ரிப்பன் வேணும்’ என்று ஆரம்பிப்பாள். இப்போது பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம், ‘மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு’ என்று தொடங்குகிறாள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெட்மாஸ்டருக்கு வந்த கடிதத்தை நான் பிரித்துவிட்டது போல இருக்கிறது. மார்ட்டின் கடைசியில் ஒரு கையெழுத்து மட்டும் போடுகிறான். சின்னவனைப் பற்றி என் மனைவி லூர்து போன மாதம் எழுதியிருந்தாள்: ‘சின்னது ஒங்க தம்பிய நைனா நைனான்னு கூப்ட்டுகினு கீது. நான் இன்னா செய்ய, நீங்களே சொல்லுங்க.’

அந்தக் கடிதத்தைப் பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்தபோது படித்தேன். அன்று ரொட்டியைப் பிரிக்கவே இல்லை.

2

குடும்பத்தை அழைத்துக்கொள்வது டிக்கெட்டோடு முடிகிற காரியம் இல்லை. பாஸ்போர்ட் கேட்டு லூர்து பஸ் ஏறி ஆபீசுக்குப் போனாள். முதல் தடவை நான் வேலையில் இருக்கிறேன் என்று பட்டறையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். இரண்டாம் தடவை மாதா கோயில் கல்யாணப் பதிவேட்டின் நகல் கேட்டார்கள். பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் தடவை, ‘அங்கே போய் நாலு பேரும் எங்கே தங்குவீர்கள்? வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் கொண்டா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மிஸஸ் ஹாரிஸ். அறுபது வயதைத் தாண்டிய விதவை. ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. ஐந்து வருஷத்தில் ஒருநாளும் என்னிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மூச்சு விட்ட எதுவும் அந்தச் சமையலறைக்குள் வரக்கூடாது. கறி இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை. இந்த ஊரில் இப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். யுத்தத்தை ஒட்டி வந்த ரேஷன் காலத்திலேகூட கறிக்கான பங்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கொஞ்சம் சீஸ் கூட வாங்கிக்கொண்டாராம். பத்தொன்பது வயதில் விட்டேன் என்பார், ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாடியில் இருந்த ஒரு மாலுமி தன் அறையில் பன்றிக்கறித் துண்டை வாட்டினார் என்று அன்று சாயங்காலமே அவர் பெட்டி வாசலுக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காசிமேட்டுக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவன் இந்த வீட்டில் எப்படி இருந்தான் என்று கேட்காதீர்கள். மீன் வேண்டுமென்றால் கடையில் பொரித்ததைக் காகிதத்தில் வாங்கித் தெருவிலேயே நின்று தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவேன்.

கீழே இரண்டு அறை காலியாக இருந்தது. அதை என் குடும்பத்துக்கு விட வேண்டும், கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று போய் நின்றேன். மிஸஸ் ஹாரிஸ் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்களை எனக்குத் தெரியும், மிஸ்டர் அந்தோணி. உங்கள் மனைவியைத் தெரியாது. கடற்கரை ஜனங்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தினமும் என் அடுப்பில் என்ன வேகும்?”

“காய்கறிதான் வேகும், மிஸஸ் ஹாரிஸ்.”

“எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டில் சமைக்கிற மாதிரியே, உங்கள் ஊர்ச் சாமானை வைத்து, ஒருநாள் சமைத்துக் காட்டுங்கள். உங்கள் சிநேகிதர்களையும் கூப்பிடுங்கள். இது என் வீட்டில் தினம் நடக்கலாம் என்று பட்டால் கையெழுத்துப் போடுகிறேன்.”

நியாயமான பேச்சுதான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கறி இல்லாத சமையல் நமக்குத் தெரியாதா? தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறிச்சட்டி பரணில்தானே இருக்கும்?

3

சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவன் காதர், தண்டையார்பேட்டைக்காரன். கப்பலில் கரி தள்ளி வந்தவன், இப்போது பக்கத்துத் தெருவில் தங்கி பாய்லர் வேலை பார்க்கிறான். இங்கே கசாப்புக் கடைக் கறி அவனுக்கு ஆகாது, முறைப்படி அறுத்ததில்லை என்று தொடமாட்டான். இன்னொருவன் ஜிம், பட்டறையில் என் பக்கத்து மேஜை. என்னைப் போலவே கத்தோலிக்கன், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்.

சாமான் சேர்க்க ஒரு வாரம் பிடித்தது. முதல் வருஷம் நான் இங்கே கடைக்குப் போய் ‘ஜிஞ்சிலி ஆயில்’ கேட்டது நினைவுக்கு வந்தது. நம் ஊர்த் துறைமுகத்தில் துரைமார்கள் நல்லெண்ணெயை அப்படித்தானே சொல்வார்கள், ஆகவே அது இங்கிலீஷ் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ்காரர் ஒருவருக்கும் அந்த வார்த்தை தெரியவில்லை. சமைக்கிற எண்ணெய் என்று விளக்கியதும், மருந்துக் கடைக்குப் போ என்றார்கள். போனால் ஒரு சின்ன சீசாவில் ஆலிவ் எண்ணெய் கொடுத்து, காதில் இரண்டு சொட்டு விட்டுக்கொள் என்றார் மருந்துக்கடைக்காரர். அன்று தாளித்ததே அந்தக் காது மருந்தில்தான். இந்தத் தடவையும் அதையே மூன்று சீசா வாங்கினேன்.

அரிசி, பாயசத்துக்கு வைக்கிற குண்டு அரிசி. பருப்பு, இங்கே சூப்புக்குப் போடுகிற சிவப்புப் பருப்பு. காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு, கோஸ் எல்லாம் மார்க்கெட்டில் கிடைத்தன. புளிதான் இல்லை. கப்பலில் வருகிறது என்று காதர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அந்தக் கப்பல் வரவில்லை. கடைசியில் மிஸஸ் ஹாரிஸின் கொல்லையைப் பார்த்தேன். ருபார்ப் என்று ஒன்று வளர்கிறது. தண்டு சிவப்பாக, விரல் கனம் இருக்கும். இங்கே சர்க்கரை கொட்டி இனிப்பு செய்வார்கள். ஒரு துண்டைக் கடித்தேன், புளிச்சகீரையைவிடப் புளிப்பு, பல் கூசிற்று.

“இன்னா மாமு, செடி தின்னுகினு கீறே?” என்றான் காதர்.

“புளி கெடச்சிச்சிடா.”

அவனும் ஒரு துண்டு கடித்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “கரெக்ட்டா கீது,” என்றான்.

குழம்புத் தூள் லூர்து அனுப்பியது. நம் ஊர் மாலுமி ஒருவர் மூலம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அனுப்பியிருந்தாள். இந்தச் சமையலுக்காக நான் அதைத் திறக்காமலேயே அந்த ஒரு வாரமும் வைத்திருந்தேன்.

4

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் சமையலறையில் இறங்கினோம். ஜிம் காலிஃப்ளவரைப் பிய்த்தான். காதர் வெங்காயம் அரிந்தான். “எங்க வூட்ல பொம்பளைங்களுக்கு நான் கத்தி எடுத்தது தெரிஞ்சா சிரிப்பாங்கோ,” என்று சொல்லிக்கொண்டே நன்றாகத்தான் அரிந்தான். ருபார்பை வேகவைத்து மசித்து வடிகட்டினேன். டப்பாவின் மெழுகை எடுத்து மூடியைத் திறந்ததும் வாசனை எழுந்தது. எங்கள் தெருவில் பத்து மணிக்குக் குழாயடியைத் தாண்டி நடந்தால் எந்த வீட்டிலிருந்தும் வருகிற வாசனை அது. காதர் மூக்கை டப்பாவுக்குள் விட்டுவிட்டான். ஜிம் தும்மினான்.

காலிஃப்ளவர் குழம்பு, பருப்பு, கோஸ் பொரியல், சோறு. ஒரே மரக்கரண்டிதான் இருந்தது. அதைக்கொண்டே எல்லாவற்றையும் கிளறினேன்.

மிஸஸ் ஹாரிஸ் நல்ல மேஜைத்துணி விரித்திருந்தார். பக்கத்து அலமாரி மேல் நான் எழுதி வைத்த கடிதமும் அவருடைய பேனாவும் தயாராக இருந்தன. எல்லோருக்கும் பரிமாறினேன். அவர் முள்கரண்டியை எடுத்துவிட்டு, தட்டின் மேல் கொஞ்சம் குனிந்தார்.

“இந்த வாசனை எதிலிருந்து வருகிறது? என்னவெல்லாம் போட்டீர்கள்?”

பெருமையாக விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். காய்ந்த மிளகாய். தனியா. மிளகு. சீரகம். வெந்தயம். துவரம்பருப்பு. லூர்து வறுக்கிற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த விரல் பாதியில் நின்றுவிட்டது.

அடுத்தது சென்னாகுன்னி.

ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகக்கண் அளவுகூட இராத பொடி இறால். கரையில் மணல் மாதிரி பரப்பிக் காயவைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது உப்பு மாதிரி. கீரையில் ஒரு பிடி, கத்திரிக்காயில் ஒரு பிடி, தூள் இடிக்கும்போது வறுத்து ஒரு படி. தவக்காலத்தில் மீன் வாங்காத வீட்டில்கூட அது பாட்டுக்குச் சட்டியில் விழும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் அதைச் சொன்னதில்லை. தூளில் அது இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். அது ஒரு உயிர் என்றுதான் தோன்றவே இல்லை.

“இன்னா மாமு, பேஸ்தடிச்சாப்ல நின்னுட்டே?” என்றான் காதர், தமிழில்.

“தூள்ல சென்னாகுன்னி கீதுடா.”

காதர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். “அதுக்கின்னா இப்ப? அது இன்னா மீனா? பூச்சி மாறி கீது.”

“பூச்சிக்கும் மூச்சு கீதேடா.”

“கம்னு ஒக்காரு. அந்தம்மாக்கு இன்னா தெரியப் போவுது? கையெழுத்து வாங்கிகினு அப்பால பாத்துக்கலாம். புள்ளைங்க மூஞ்சிய நென.”

நினைத்தேன். பிள்ளைகளே, உங்களிடம் மறைப்பதற்கு என்ன, வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அலமாரி மேல் கடிதம் இருந்தது. அதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் மிஸஸ் ஹாரிஸ் ஒரு காலிஃப்ளவர் துண்டை முள்ளில் குத்திவிட்டார். என் பதிலுக்காகக் காத்திருந்து, அது வராததால், சரி என்று மரியாதையாகப் புன்னகை செய்துவிட்டு வாய்க்குக் கொண்டுபோனார். ஐந்து வருஷம் என்னை நம்பி அடுப்படிச் சாவியைக் கொடுத்தவர். கை தானாகவே அவர் தட்டுக்குக் குறுக்கே போய்விட்டது.

“வேண்டாம், மிஸஸ் ஹாரிஸ். அதைச் சாப்பிடாதீர்கள்.”

முள்கரண்டி நின்றது. சென்னாகுன்னிக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரொம்பச் சின்ன இறால், காயவைத்து இடித்தது, தூளில் கலந்திருக்கிறது, கரண்டி ஒன்றே என்பதால் பருப்பிலும் கோஸிலும் பட்டிருக்கும் என்று சொன்னேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்போது விரல் மடக்கும்போதுதான் உறைத்தது.”

ஜிம் இதற்குள் அரைத்தட்டு காலி செய்திருந்தான். “எனக்கு ஆட்சேபணை இல்லை,” என்றான்.

மிஸஸ் ஹாரிஸ் முள்ளைத் தட்டில் வைத்தார். கைத்துண்டை மடித்தார். எழுந்துபோய் அலமாரி மேலிருந்த கடிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

5

“வாய வெச்சிகினு சும்மா கீறதுக்கு இன்னா?” என்றான் காதர். “அஞ்சி வர்சம் மாமு. அஞ்சி வர்சம் காத்துகினு இருந்து ஒரு பொடி இறாலுக்குக் குட்த்துட்டே.”

சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கே துணி துவைக்கிற கொட்டகை ஒன்று உண்டு, அதில் வைத்தேன். திரும்பி வந்து தட்டுகளையெல்லாம் சோடா போட்டுக் கழுவினேன். பிறகு மறுபடி கழுவினேன். மரக்கரண்டியை அடுப்பிலேயே போட்டுவிட்டு, கிளறுவதற்கு ஒரு சாப்பாட்டு மேஜைக் கரண்டியை எடுத்துக்கொண்டேன்.

“இன்னா செய்யப் போறே?” என்றான் காதர்.

“அந்தம்மா மத்தியானத்துக்கு ஒண்ணும் துன்னல. மறுபடி ஆக்கறேன்.”

கையெழுத்து வராது என்றுதான் நினைத்தேன். அறையும் போய்விடும் என்று நினைத்தேன். அந்த மாலுமியின் பெட்டி வாசலில் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் என் சமையலால் ஒரு மனுஷி பட்டினியாக மேலே உட்கார்ந்திருக்கிறாள் என்பது தாங்கவில்லை. ஜிம் ஒன்றும் கேட்காமல் உருளைக்கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தான். காதர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, “நவுரு, நீ வெங்காயத்த ஒயுங்கா அரியமாட்டே,” என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டான்.

டப்பாவைத் தொடவில்லை. மிளகையும் சீரகத்தையும் சீசாவின் அடிப்பாகத்தால் நசுக்கினேன். பூண்டைத் தட்டினேன். மிச்சமிருந்த ருபார்ப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒரு ரசம். உருளைக்கிழங்கை மஞ்சள் போட்டு, கடுகு தாளித்து ஒரு பிரட்டல். புதிதாக ஒரு படி சோறு. அவ்வளவுதான். மாடி ஏறிக் கதவைத் தட்டினேன்.

“மிஸஸ் ஹாரிஸ், மறுபடி சமைத்திருக்கிறோம். கரண்டிகூட வேறு. நீங்கள் கீழே வர விருப்பமில்லை என்றால் இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.”

கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் கண் சிவந்திருக்குமோ, கோபமாக இருப்பாரோ என்று பயந்தேன். அவர் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. “கீழேயே வருகிறேன். ஆறிப்போய்விடும்,” என்றார்.

ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தும் இன்னொரு கோப்பை கேட்டார். உருளைக்கிழங்கை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். நான் சாப்பிடவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “என் கணவரின் அக்கா பல வருஷம் எனக்கு சூப் செய்து கொடுத்தாள். காய்கறி சூப் என்பாள். எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னாள். இன்னும் இரண்டு மூன்று பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள். எல்லோரும் நான் சாப்பிட்ட பிறகுதான் சொன்னார்கள், மிஸ்டர் அந்தோணி.”

பிறகு மடியிலிருந்து கடிதத்தை எடுத்தார். மாடியில் உட்கார்ந்து அதை அவர் கையாலேயே புதிதாக எழுதியிருந்தார். இரண்டு அறையும் தருவதாக, அடுப்படியை என் மனைவி பயன்படுத்தலாம் என்பதாக. கீழே கையெழுத்து இருந்தது. மைகூடக் காய்ந்துபோயிருந்தது. நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

“அந்த டப்பா மட்டும் உள்ளே வரக்கூடாது,” என்றார். “கொல்லைக் கொட்டகையில் ஒரு பழைய அடுப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் மனைவி அங்கே எதை வேண்டுமானாலும் சமைக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கட்டும்.”

எனக்கு ‘தேங்க் யூ’ கூட ஒழுங்காக வரவில்லை. காதரையும் ஜிம்மையும் கூப்பிடலாம் என்று திரும்பினேன். இரண்டு பேரையும் காணவில்லை. கொல்லையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் நின்றபடியே முதல் குழம்பைச் சட்டியிலிருந்து ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

“போட்டாங்களா?” என்றான் காதர், வாயில் ரொட்டியோடு.

“போட்டாங்கடா.”

“நான்தான் அப்பவே சொன்னேனே, அந்தம்மா தங்கம்னு.” அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

6

சாயங்காலம் மிஸஸ் ஹாரிஸ் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கீழ் அறைக்கு வந்தார். கட்டில் எங்கே போடுவது என்று அளக்க வேண்டுமாம். ஜன்னலோரம் ஜெயாவுக்கு. சுவரோரம் மார்ட்டினுக்கு. ஜெயாவும் மார்ட்டினும் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது, ஆகவே அவர்கள் அளவை ஒருமாதிரிச் சொல்லிவிட்டேன்.

“சின்னவன் எவ்வளவு உயரம்?” என்றார்.

கையை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பிறகு ஐந்தரை வயது ஆகிறதே என்று இடுப்புக்கு உயர்த்தினேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை. கை அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. மிஸஸ் ஹாரிஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, அவசரமில்லை என்றார்.

திங்கட்கிழமை காலையில் கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். லூர்து இந்தத் தடவை அதைக் காட்டினால் போதும்.

ஜெயா, இது உனக்கு. பத்திரிகையில் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. சின்னத் தம்பியைச் சுவரோடு நேராக நிற்க வை. குதிகாலைத் தூக்காமல் பார்த்துக்கொள். அம்மா தைக்கிற நூல்கண்டிலிருந்து ஒரு நூல் எடுத்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பிடித்து அறுத்து, அதை அப்படியே கவருக்குள் போட்டு எனக்கு அனுப்பு.